கழற்றத் தெரிந்தவர்கள்: ஸ்பார்க் பிளக்கும் பராமரிப்பின் வரலாறும்

தொழில்நுட்ப வரலாற்றில் ஈடுபாடுள்ள நண்பர்களையும் ஆய்வு மாணவர்களையும் மனத்தில் வைத்து எழுதும் பதிவு இது. சற்று நீளமானது. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

சென்ற மாதம் பெங்களூரு சிவாஜிநகரில் உள்ள ஒரு சிறிய பட்டறையில் இரண்டு நாள்கள் அமர்ந்திருந்தேன். நண்பர் ஒருவரின் பழைய கார். நான்கு சிலிண்டர் எஞ்சின். ஏறத்தாழ எட்டு ஆண்டுகளாக ஸ்பார்க் பிளக்குகள் கழற்றப்படவில்லை. மூன்று பிளக்குகள் அதிகச் சிரமமின்றி வெளியே வந்தன. நான்காவது கால் சுற்றுச் சுழன்றதும் நின்றுவிட்டது. அறுபது வயதைக் கடந்த அந்த மெக்கானிக் உடனே ராட்செட்டைக் கீழே வைத்தார். பிளக்கைச் சிறிது உள்நோக்கித் திருப்பினார். துருநீக்கி எண்ணெயில் சில சொட்டுகளை அதன் அடியில் விட்டார். "இன்னைக்கு இதைத் தொடக் கூடாது சார், நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு வேறு வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். அருகில் நின்ற இளைஞர் நீண்ட கைப்பிடி ஒன்றை எடுத்து வந்தபோது, வேண்டாம் என்று கையசைத்தார்.

அவர் ஏன் நிறுத்தினார் என்ற கேள்வியே இப்பதிவின் தொடக்கம். விடை எளிது என்றுதான் முதலில் எண்ணினேன்: இன்னும் அழுத்தினால் மரை போய்விடும். ஆனால், 'இன்னும்' என்ற அந்த எல்லையை ஒரு கை எவ்வாறு அறிகிறது? அந்த அறிவு எப்போது, எவ்வகைப் பழக்கத்தில் உருவாயிற்று? இந்தியத் தொழில்துறை வரலாற்றில் அதற்கு ஏன் இடமில்லை? இவற்றுக்கு விடை தேடினால், சிக்கிக்கொண்ட ஒரு பிளக்கே வரலாற்று ஆவணமாகிவிடுகிறது.

பிளக்கின் கண்டுபிடிப்பு வரலாறு பலரும் அறிந்ததே. 1860-இல் எத்தியேன் லெனுவார் உருவாக்கிய வாயு எஞ்சினில் மின்பொறி கொண்டு எரிபொருள் பற்றவைக்கப்பட்டது. 1902-இல் ராபர்ட் பாஷ் நிறுவனத்தில் பணியாற்றிய கோட்லோப் ஹோனோல்ட் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கினார். மின்காப்புக்கு மைக்காவும் பீங்கானும் பயன்பட்டன. பின்னர் அலுமினா அடிப்படையிலான பீங்கான் நிலைபெற்றது. நூல்களில் பிளக்கின் கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடுகிறது. டேவிட் எட்ஜர்டன் 2006-இல் வெளியிட்ட 'தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்' என்ற நூலில் முன்வைத்த குறை இதுவே: தொழில்நுட்ப வரலாறு கண்டுபிடிப்புகளின் காலவரிசையாக எழுதப்படுகிறது, பயன்பாடும் பராமரிப்பும் அதில் மறைந்துபோகின்றன. டேவிட் ஆர்னால்ட் 2013-இல் வெளியிட்ட தம் நூலில் தையல் இயந்திரம், மிதிவண்டி, தட்டச்சு இயந்திரம், அரிசி ஆலை ஆகியவற்றின் வழியே இந்தியாவின் அன்றாடத் தொழில்நுட்பத்தை ஆராய்ந்தார். அந்த வழியில் இன்னும் சிறிய ஒரு பொருளை எடுத்துக்கொண்டால் என்ன தெரியவரும்?

என் வாதத்தைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் பிளக்குக்கு இரண்டு காலங்கள் உண்டு. முதற்காலத்தில் பிளக் அடிக்கடி கழற்றப்பட்டது. அதனால் அது சிக்கிக்கொள்வது அரிது. ஆனால், அவசரமாக மாட்டியதாலும் மிகையாக முறுக்கியதாலும் மரைகள் தேய்ந்தன. இரண்டாம் காலத்தில் பிளக்கின் ஆயுள் நீண்டது. பல ஆண்டுகள் தொடப்படாமல் இருந்ததால் அது எஞ்சினோடு இறுகியது. அதே ஆண்டுகளில், அதைக் கழற்றும் கைப்பழக்கமும் அருகியது. ஆக, பொருளின் ஆயுளை நீட்டித்த அதே முன்னேற்றம், அதைச் சேதமின்றி வெளியே எடுக்கும் அறிவின் ஆயுளைக் குறைத்தது.

முதற்காலத்தைப் பார்ப்போம். 1920-களின் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயின் சீவ்ரியில் கார்களைப் பூட்டத் தொடங்கியது. பாகங்கள் யாவும் கப்பலில் வந்தன. விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. 1953-இல் டாரிஃப் கமிஷன் மோட்டார்த் தொழிலை ஆராய்ந்து, உள்நாட்டில் பாகங்களை உற்பத்தி செய்யும் திட்டமில்லாமல் வெறுமனே பூட்டும் நிறுவனங்களுக்கு இடமில்லை என்ற நிலைப்பாட்டுக்கு வழிவகுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. பாஷ் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1951-இல் தொடங்கப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, அதாவது 'மைகோ', பெங்களூரு ஆடுகோடியில் தொழிற்சாலை நிறுவி, டீசல் எஞ்சின்களுக்கான பம்புகளோடு ஸ்பார்க் பிளக்குகளையும் உருவாக்கியது. ஒரு தலைமுறை இந்திய வாகன ஓட்டிகளுக்கு 'மைகோ' என்பதே பிளக்கின் பெயராயிற்று. நான் அமர்ந்திருந்த பட்டறையிலிருந்து ஆடுகோடி சில கிலோமீட்டர் தொலைவுதான். உற்பத்தியின் வரலாற்றுக்கு அங்கே தொழிற்சாலை இருந்தது. பராமரிப்பின் வரலாற்றுக்கு இங்கே ஒரு மனிதரின் கை இருந்தது.

அக்காலத்து எஞ்சின்கள் பிளக்கை விரைவில் அழுக்காக்கின. காரணங்கள் பல. முதலாவது, பெட்ரோலில் கலந்த ஈயம். 1923-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டெட்ரா எத்தில் ஈயம் எஞ்சினின் 'நாக்கிங்' ஒலியைத் தடுத்தது. ஆனால், எரிந்தபின் ஈயச் சேர்மங்கள் பிளக்கிலும் வால்வுகளிலும் படிந்தன. அப்படிவைக் குறைப்பதற்காகவே எத்திலீன் டைபுரோமைடு போன்ற பொருள்கள் பின்னர் சேர்க்கப்பட்டன. இரண்டாவது, கார்புரேட்டர். காற்றும் எரிபொருளும் கலக்கும் விகிதம் சற்றுப் பிசகினாலும் பிளக்கில் கரி படியும். மூன்றாவது, இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்கள். பெட்ரோலோடு எண்ணெயும் எரியும் அவற்றில், பிளக் எண்ணெய்ப் பிசுக்கால் அடைத்துக்கொள்வது அன்றாட நிகழ்வு. 1972-இல் வந்த பஜாஜ் சேத்தக்கை வைத்திருந்த குடும்பங்களில், கருவிப்பெட்டியில் ஒரு பிளக் ஸ்பேனரும் ஓர் உபரி பிளக்கும் உப்புத்தாளின் துண்டும் இருந்ததை மூத்த வாசகர்கள் நினைவுகூரக்கூடும். வங்கி எழுத்தரும் பள்ளி ஆசிரியரும் சாலையோரத்தில் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டிய காலம் அது. பெரிய பட்டறைகளில், அழுத்தக் காற்றில் மணலைப் பாய்ச்சிப் பிளக்கைச் சுத்தம் செய்து, பொறி வருகிறதா என்று சோதிக்கும் இயந்திரங்கள் இருந்தன.

இந்த ஓயாத கழற்றலும் மாட்டலும் இரண்டு விளைவுகளைத் தந்தன. மரைகளில் துருவும் கரியும் நிலைபெற நேரம் கிடைக்கவில்லை. கைகளுக்கோ இடைவிடாத பயிற்சி கிடைத்தது. அதிலும் இந்திய மெக்கானிக் இருவேறு உலோகங்களை அறிந்திருக்க வேண்டியிருந்தது. அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த 1489 சி.சி. எஞ்சினின் சிலிண்டர் ஹெட் வார்ப்பிரும்பாலானது. ஃபியட் 1100-இன் ஹெட் அலுமினியத்தாலானது. முதலாவது முரட்டுக் கையையும் பொறுத்துக்கொள்ளும், இரண்டாவது பொறுக்காது. எஃகுப் பிளக்கைக் கோணலாக ஏற்றி ஸ்பேனரால் முறுக்கினால், அலுமினிய மரை சீவிக்கொண்டு வந்துவிடும். எனவே அக்காலத்தைப் பொற்காலமாகச் சித்திரிக்க நான் விரும்பவில்லை. அடிக்கடி கழற்றியதாலேயே பல ஹெட்டுகளின் மரைகள் அழிந்தன. அழிந்த மரையைச் சற்றுப் பெரிதாக வெட்டி, உள்ளே எஃகுக் கம்பிச் சுருளையோ பித்தளைப் புஷ்ஷையோ பொருத்தி மீட்கும் வேலை பட்டறைகளில் தனித்திறனாகவே வளர்ந்தது. ஈயம் காற்றில் கலந்து குழந்தைகளின் உடலுக்கு விளைவித்த தீங்கையும் நாம் மறந்துவிடக் கூடாது.

இரண்டாம் காலம் ஒரே நாளில் வரவில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வந்தபோது, அலுமினிய ஹெட் கொண்ட சிறிய எஞ்சின் நடுத்தர வர்க்கத்தின் பொதுச் சொத்தாயிற்று. 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றிகள் கட்டாயமாயின. அவற்றுக்காக ஈயமற்ற பெட்ரோலும் வந்தது. 2000 பிப்ரவரிக்குள் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நீக்கப்பட்டது. புகை விதிகள் இறுகியபோது கார்புரேட்டர் மறைந்து, மின்னணுக் கட்டுப்பாட்டில் எரிபொருளைப் பீய்ச்சும் முறை வந்தது. கலவை விகிதம் சீரானதால் கரி குறைந்தது. பிளக்கின் முனையும் மாறியது: நிக்கல் முனைக்குப் பதிலாகப் பிளாட்டினமும் இரிடியமும். பழைய நிக்கல் பிளக்குகளைச் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றித் துடைத்தவர்களுக்கு, ஏறத்தாழ ஒரு இலட்சம் கிலோமீட்டர் வரை தொடத் தேவையில்லை என்ற உறுதி தரப்பட்டது.

தொடத் தேவையில்லை என்பதோடு, தொட எளிதாக இல்லை என்பதும் சேர்ந்தது. ஹெட்டின் நடுவே ஆழமான குழிக்குள் பிளக் இறங்கியது. அதன் மேல் இக்னிஷன் காயில் அமர்ந்தது. அதற்கும் மேல் பிளாஸ்டிக் மூடி. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஈரமும், வால்வு மூடியின் கேஸ்கெட்டிலிருந்து கசியும் எண்ணெயும் தேங்கின. முன்பு வீட்டுத் தலைவர் சாலையோரத்தில் கழற்றிய பொருள், இப்போது எட்டாண்டுகளுக்கு ஒருமுறை, அதுவும் வேறொருவரால், பார்க்கப்படும் பொருளாயிற்று.

பிளக் ஏன் இறுகுகிறது? நான் அறிந்தவரை காரணங்கள் நான்கு. எஃகும் அலுமினியமும் ஈரத்தின் முன்னிலையில் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி அரிப்பு ஏற்படும். அரிக்கப்பட்ட அலுமினியத்தின் ஆக்சைடு மரையின் இடைவெளிகளை நிரப்பும். எரிகலத்தின் பக்கம் நீண்டிருக்கும் மரைகளில் கரி படிந்து கெட்டியாகும். பிளக்கைத் திருப்பும்போது அக்கரி அலுமினிய மரைகளினூடே இழுத்துவரப்பட்டு, அரம் போல அறுக்கும். முன்பு மாட்டியவர் மிகையாக முறுக்கியிருக்கலாம். இறுதியாக, ஆயிரக்கணக்கான முறை சூடாகிக் குளிர்ந்ததில் இரு உலோகங்களும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்.

இனி, அந்த மெக்கானிக்கின் இரண்டு நாள் வேலையைப் படிப்படியாக வாசிக்கலாம். முதலில் எஞ்சின் முழுவதும் குளிரும்வரை காத்திருந்தார். காயிலை எடுத்ததும், குழிக்குள் காற்றைப் பாய்ச்சி மண்ணையும் துகளையும் அகற்றினார். இல்லையெனில் பிளக் வெளிவந்ததும் அவை சிலிண்டருக்குள் விழும். பிளக்கின் அறுகோணத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஆழமான சாக்கெட்டை நேராக இறக்கினார். நீட்டுத்தண்டு சாய்ந்தால் பீங்கான் உடையும். பிறகு, நீண்ட கைப்பிடியின்றி, சிறிய ராட்செட்டால் மெதுவாக அழுத்தினார். நீண்ட கைப்பிடி வலிமையைத் தரும். ஆனால் உணர்வைப் பறிக்கும். காற்றழுத்தத் துப்பாக்கியில் அந்த உணர்வு அறவே இல்லை.

சூடா, குளிர்ச்சியா என்பது பட்டறைகளில் நெடுநாள் விவாதம். அலுமினியம் ஒரு டிகிரி செல்சியசுக்குப் பத்து இலட்சத்தில் சுமார் 23 பங்கு விரிகிறது. எஃகு சுமார் 12 பங்கு. ஆகவே 70 டிகிரி சூடேறினால், 14 மில்லிமீட்டர் மரைத்துளைக்கும் பிளக்குக்கும் இடையே ஏறத்தாழ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு இடைவெளி கூடும். மிகச் சிறியதுதான்; எண்ணெய் நுழைய அது போதும். ஆனால் சூடான அலுமினியம் எளிதில் சிதையும் என்பதால், கழற்றுவது குளிர்ந்தபின் என்பதே பொதுவிதி. அந்த மெக்கானிக் இரண்டையும் இணைத்தார். பிளக் மீண்டும் இருக்கையில் அமர்ந்திருந்ததால், மாலையில் மற்ற பிளக்குகளையும் மாட்டி எஞ்சினைச் சிறிது நேரம் இயக்கி மிதமாகச் சூடாக்கினார். அணைத்து, கை பொறுக்கும் அளவுக்கு ஆறியபின் மீண்டும் சில சொட்டு எண்ணெய் விட்டு, இரவு முழுவதும் குளிரவிட்டார். கொதிக்கும் எஞ்சினில் எண்ணெய் தெளிப்பது தீ விபத்துக்கு அழைப்பு என்பதை மாணவர்கள் கவனிக்க.

மறுநாள் காலை எட்டில் ஒரு சுற்று வெளிநோக்கி, உடனே அதே அளவு உள்நோக்கி, பின்னர் எண்ணெய், பின்னர் மீண்டும் சற்றுக் கூடுதலாக வெளிநோக்கி. இந்த முன்பின் அசைவில்தான் நுட்பம் இருக்கிறது. ஒவ்வொரு திருப்பமும் கரியைச் சிறிது பொடியாக்குகிறது. எண்ணெய் அப்பொடியைக் கழுவி அடுத்த மரைக்கு இறங்குகிறது. எதிர்ப்புக் கூடினால் முன்னேறுவதில்லை, பின்வாங்குவதே வழி. முக்கால் மணி நேரத்தில் பிளக் வெளியே வந்தது. அடிமரைகள் கருத்திருந்தன, ஹெட்டின் மரை முழுமையாக இருந்தது. மரை போயிருந்தால் கம்பிச் சுருள் பொருத்த வேண்டியிருக்கும். அப்போது மரை வெட்டும் 'டாப்'பின் பள்ளங்களில் கிரீஸ் பூசி உலோகச் சீவல்களைப் பிடிக்க வேண்டும். எஞ்சியவற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். சிலிண்டருக்குள் ஒரு சீவல் தங்கினாலும் அது சுவரைக் கீறும்.

புதிய பிளக்கை மாட்டியபோதும் அதே நிதானம். ஒரு துண்டு ரப்பர்க் குழாயைப் பிளக்கின் தலையில் செருகி, விரலால் சுழற்றி ஏற்றினார். மரை கோணலாகச் சிக்கினால் ரப்பர் வழுக்கிவிடும். உலோகக் கருவியோ வழுக்காது. வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் சுமார் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கம் போதும். பழையவர்கள் மரையில் கிராஃபைட் கிரீஸ் பூசுவார்கள். முலாம் பூசிய மரைகளோடு வரும் இன்றைய பிளக்குகளுக்கு அது தேவையில்லை. உராய்வு குறைந்து மிகையாக முறுக்க நேரும் என்று பிளக் தயாரிப்பாளர்கள் எச்சரிக்கின்றனர். முதற்காலத்தின் நல்ல பழக்கம் இரண்டாம் காலத்தில் தவறாகக்கூடும் என்பதற்கு இதுவும் சான்று.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய சிக்கல் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரை வந்த ஃபோர்டு எஃப்-150 வண்டிகளின் 5.4 லிட்டர் மூன்று வால்வு எஞ்சின்களில், இரண்டு துண்டுகளால் ஆன நீண்ட பிளக்குகள் கரியால் இறுகி, கழற்றும்போது முறிந்தன. அடிப்பாகம் ஹெட்டிலேயே தங்கியது. நிறுவனமே தன் பணிமனைகளுக்குத் தனிச் செயல்முறைக் குறிப்பு வெளியிட நேர்ந்தது. குளிர்ந்த எஞ்சின், மிகச் சிறிய திருப்பம், கரியைக் கரைக்கும் திரவம், காத்திருப்பு, முன்பின் அசைவு: அக்குறிப்பின் சாரமும் சிவாஜிநகரில் நான் கண்டதும் பெரிதும் வேறல்ல. ஒன்று அச்சில் ஏறி ஆவணமாயிற்று. மற்றொன்று ஒரு முதியவரின் மணிக்கட்டில் இருக்கிறது. வரலாற்றாசிரியர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியமானது.

இந்திய அரசு தொழிற்பயிற்சியைப் புறக்கணித்தது என்று சொல்ல முடியாது. 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டமும் 1961-இல் தொழில்பழகுநர் சட்டமும் வந்தன, ஐ.டி.ஐ.களில் மோட்டார் மெக்கானிக் பிரிவு இன்றும் இருக்கிறது. ஆனால் டெல்லியின் காஷ்மீரி கேட், கொல்கத்தாவின் மல்லிக் பஜார், பெங்களூருவின் ஜே.சி. ரோடு போன்ற இடங்களில் பெரும்பாலோர் கற்றது உஸ்தாதிடம். அங்கே பாடத்திட்டம் இல்லை, தேர்வுத்தாள் இல்லை. ஆகவே ஆவணக் காப்பகத்தில் தேடினால் கிடைப்பது உரிமங்களும் இறக்குமதி ஒதுக்கீடுகளும் ஆண்டறிக்கைகளும்தாம். எத்தனை பிளக்குகள் செய்யப்பட்டன என்பதை அவற்றிலிருந்து அறியலாம். அவற்றைச் சேதமின்றிக் கழற்ற ஒரு சமூகம் எவ்வாறு கற்றது என்பதை அறிய முடியாது.

இதில் ஓர் அவசரமும் உண்டு. மின்கார்களில் பிளக்கே கிடையாது. முதற்காலத்தில் கை பழகியவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்துவிட்டனர். இரண்டாம் காலத்தின் இறுகிய பிளக்குகளோ இன்னும் பல ஆண்டுகள் நம் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கும். அறிவு தேவைப்படும் காலமும் அறிந்தவர்கள் வாழும் காலமும் ஒன்றாக முடியப்போவதில்லை.

ஆகவே வாய்மொழி வரலாற்றில் ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டறைக்குச் செல்லுங்கள், வாழ்க்கைக் கதையை மட்டும் கேட்காதீர்கள், வேலையையும் கேளுங்கள். எப்போது நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள், கையில் என்ன தெரிந்தது என்று கேளுங்கள். அவர்கள் பயன்படுத்தும் சொற்களை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். நான் அவரிடம் கேட்டபோது கிடைத்த விடை இது: "வரும்போது ஒரு மாதிரி கிறீச்சுனு சத்தம் வரும் சார். அந்தச் சத்தம் நின்னு, ஸ்பேனர் மட்டும் வளையற மாதிரி இருந்தா விட்டுடணும்."

ஓசை நின்று கருவி வளைவதாக உணரும் அந்தக் கணம் எந்தக் கையேட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை. உங்கள் ஊர்ப் பட்டறைகளில் இதற்கு வேறு சொற்கள் இருந்தால் எழுதுங்கள், தொகுத்துக்கொண்டிருக்கிறேன்.